நைசா இடிச்ச மாத்திரை

என் பொண்டாட்டிக்கு என்ன வேலைன்னு யாராவது கேட்டா, மாத்திரைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற உலோகத்தைப் பிடிக்கிற போலீஸ்னு சொல்லுவேன். அவளுக்கு இந்தப் பதில் சுத்தமா பிடிக்காது. "மாத்திரை கம்பெனி லேப்ல வேலைன்னு சொன்னா வாய் வலிக்குமா உங்களுக்கு?"ன்னு முறைப்பா. ஆனா அவ பண்றது அதேதான். கம்பெனியில தயாராகிற ஒவ்வொரு லாட்லேர்ந்தும் கொஞ்சம் மாத்திரையை எடுத்துப் பொடிக்கணும், ஆசிட்ல கரைக்கணும், ஒரு பெரிய மிஷினுக்குள்ள விடணும். ஈயம் எவ்வளவு, நிக்கல் எவ்வளவு, காட்மியம் எவ்வளவுன்னு மிஷின் புட்டுப் புட்டு வெச்சிடும். ஒரு நீச்சல் குளத்துல சிட்டிகை உப்பைப் போட்டாக்கூட மோப்பம் பிடிச்சிடுமாம்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. மாத்திரை கரைச்ச பாட்டில்களோட எப்பவும் இன்னொரு பாட்டிலும் போகும். அதுல மாத்திரையே இருக்காது, ஆசிட் மட்டும்தான். வெறும்பாட்டில்னு சொல்லுவாங்க. அதுல ஏதாவது உலோகம் தெரிஞ்சுதுன்னா அது மாத்திரையோடது இல்ல, சோதிக்கிறவங்களோடது. கையிலேர்ந்தோ, காத்திலேர்ந்தோ, பாத்திரத்திலேர்ந்தோ வந்து ஒட்டிக்கிட்டது. அதனால லேபுக்குள்ள மோதிரம் கூடாது, வளையல் கூடாது, தலைக்குச் சாயம் கூடாது, முகத்துக்குப் பவுடர் கூடாது. நான் ஆசையா வாங்கிப் போட்ட கல்யாண மோதிரம் பீரோவுக்குள்ள தூங்குது. "கல்யாணமானவன்னு நெத்தியிலயாவது எழுதி ஒட்டிக்கோடி"ன்னேன் ஒருநாள். "அந்த மையில என்னென்ன இருக்கோ"ன்னுட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

இப்படிக் கிண்டலும் கேலியுமா ஓடுற வீடுதான் எங்களோடது. ஆனா காலையில ஒரு சத்தம் வரும். டிங், டிங், டிங். அது வந்தா போதும், அவ கையில இருக்கிறது கரண்டியோ சீப்போ அப்படியே நின்னுடும்.

எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா. அந்த "இருந்தா"வைச் சொல்ல என் நாக்கு இன்னும் பழகலை. வீட்டுக்கு முன்னாடியே எனக்கு ரிப்பேர் கடை. ரேடியோ, மிக்ஸி, டிவி, எது கெட்டுப்போனாலும் கொண்டு வருவாங்க. அவ கடைக்குள்ள புகுந்துட்டா ஒரு பட்டனை விடமாட்டா, எல்லாத்தையும் அமுக்கிப் பார்த்துடுவா. அதனால அவளுக்கு "பட்டன்"னே பேரு வெச்சிட்டோம். பள்ளிக்கூடத்துல எழுதிக்கொடுத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டா, கழுதை.

கைக்குழந்தையா இருந்தப்பவே அவளுக்கு வலிப்பு வந்துச்சு. தினமும் காலையில ஒரு மாத்திரை. முழுங்கத் தெரியாது, தொண்டையில சிக்கிக்கும். "நல்லா நைசா பொடிச்சுத் தேன்ல குழைச்சுக் கொடுங்க"ன்னு டாக்டர் சொன்னார். அந்த வேலையை எங்கப்பா எடுத்துக்கிட்டார். வாழ்நாள் பூரா பஸ் ஓட்டின மனுஷன், ரிட்டயர் ஆகி வீட்டுல சும்மா உட்கார முடியாம நெளிஞ்சுக்கிட்டு இருந்தார். அவருக்கு இது அடுத்த உத்தியோகம் ஆயிடுச்சு. அதுக்குன்னு தானே போய்ப் பழைய சாமான் கடையில ஒரு குட்டி உரல் வாங்கிட்டு வந்தார். பித்தளை. உள்ளங்கையில அடங்கும். "இரும்பு வேணாம்டா, துருப்பிடிச்சுப் புள்ளை வயித்துக்குள்ள போகும்"னு எனக்கு விளக்கம் வேற.

இடிச்சார்னா சாதாரணமா இல்ல. மாவு தோத்துப்போகணும். விரலால தொட்டுப் பார்ப்பார், ஒரு குருணை தட்டுப்பட்டாலும் மறுபடியும் டிங், டிங். அந்தச் சத்தம் கேட்டதும் பட்டன் எங்க இருந்தாலும் வாயைத் திறந்துக்கிட்டே ஓடி வருவா, குருவிக்குஞ்சு மாதிரி. "தாத்தா, மணி அடிச்சாச்சா?"ன்னு கேட்பா. மருந்து கொடுக்கப் பாடுபடுற வீடெல்லாம் பார்த்திருக்கேன். எங்க வீட்டுல அந்தப் பாடே இல்ல.

பள்ளிக்கூடம் சேர்த்த வருஷம் ஒரு காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சலோட வந்த வலிப்பு நிக்கலை. ஆஸ்பத்திரியில அவங்களால ஆனதெல்லாம் பண்ணினாங்க. நோய்தான் கொண்டுபோச்சு, உங்க யார்மேலயும் தப்பு இல்லைன்னு டாக்டரே எங்களை உட்கார வெச்சுச் சொன்னார். நானும் நம்பிட்டேன். நம்பாம வேற என்ன செய்றது?

என் பொண்டாட்டி கெமிஸ்ட்ரி படிச்சவ. குழந்தைக்காக வீட்டோட இருந்தா. குழந்தை போனப்புறம் வீடு அவளைக் கடிக்க ஆரம்பிச்சுது. "எங்கயாவது வேலைக்குப் போறேங்க, இல்லைன்னா பைத்தியம் பிடிச்சிடும்"னு அந்த லேப்ல சேர்ந்தா.

முதல் நாள் வேலைக்குப் போயிட்டுத் திரும்பி வந்தவ, செருப்பைக்கூடக் கழட்டாம நாற்காலியில உட்கார்ந்தா. அப்பாவுக்கு அந்தச் சமயத்துல ஏதோ தொண்டைக் கோளாறு, தன்னோட பிரஷர் மாத்திரையை அதே உரல்ல இடிச்சுக்கிட்டு இருந்தார். டிங், டிங். இவ எழுந்து சமையலறை வாசல்ல போய் நின்னா. முகத்துல ரத்தமே இல்ல. புள்ளை ஞாபகம்னு நினைச்சேன். "அப்பா, கொஞ்சம் மெதுவா இடிங்களேன்"னு அவர்மேலதான் எரிஞ்சு விழுந்தேன்.

அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள ஒரு சண்டை ஆரம்பமாச்சு. சண்டைன்னு வெளியில தெரியாத சண்டை. ஒரு கல் உரல் வாங்கிட்டு வந்து, "மாமா, இதுல இடிங்க, கைக்கு வசதியா இருக்கும்"னா. "இது என் பேத்திக்கு இடிச்ச உரல், இதை விட்டுட்டு அதை ஏன் தொடணும்?"னு அவர் அதைத் திரும்பியும் பார்க்கலை. டாக்டர்கிட்ட பேசித் தண்ணியில போட்டாக் கரையிற மாத்திரையா மாத்தி வாங்கினா. சுகர் பார்க்கணும்னு சொல்லி அவரைக் கூட்டிட்டுப்போய் ரத்தம் எடுக்க வெச்சா. வந்த முடிவைப் பார்த்துட்டு அவ விட்ட பெருமூச்சு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அப்பாவுக்குச் சுகரே கிடையாது, இதுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்னு எனக்கு ஒரே எரிச்சல்.

மாத்திரை தண்ணியில கரைய ஆரம்பிச்சப்புறம் உரலுக்கு வேலை இல்ல. ஆனா அப்பா விடலை. காலையில அந்த நேரம் வந்தா அலமாரியிலேர்ந்து எடுப்பார், உள்ள ஒண்ணுமே இல்லாம நாலு தட்டுத் தட்டுவார், துடைச்சு வெச்சிடுவார். யார் ஓடி வரப்போறாங்கன்னு நினைச்சுத் தட்டினாரோ, தெரியலை. சத்தம் கேட்டதும் எங்க மூணு பேரோட கண்ணும் கதவுப் பக்கம் போகும்.

என்னையும் அவ விட்டுவைக்கலை. கடையில ஒயரை ஒட்டவைக்க நான் உருக்குற சால்டர்ல ஈயம் இருக்கு. கடைச் சட்டையோட உள்ள வராதீங்க, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க, நகத்தை வெட்டுங்கன்னு ஆரம்பிச்சா. முதல்ல சிரிச்சேன். அப்புறம் ஒருநாள் கடையில உட்கார்ந்திருக்கும்போது சுரீர்னு உறைச்சுது. இந்த மேஜைக்கடியிலதானே பட்டன் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பா. இதே கையாலதானே அவளுக்குச் சோறு ஊட்டினேன். குழந்தைங்க உடம்புல ஈயம் சேர்ந்தா மூளையைத்தான் பிடிக்கும், வலிப்புக்கூட வரும்னு அவ சொல்லி நான் கேட்டிருக்கேன். அன்னிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை. அவகிட்ட கேட்கலாம்னா, "ஆமாங்க"ன்னு சொல்லிட்டா என்ன பண்றது? கேட்கவே இல்ல.

இப்படியே வருஷங்கள் ஓடிப்போச்சு. கம்பெனியில புது மிஷின் வந்துச்சு. பழகிப் பார்க்கிறதுக்கு வீட்டுலேர்ந்து ஏதாவது மாத்திரை கொண்டுவாங்கன்னு லேப் தலைவியே எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காங்க. தலைவலி மாத்திரை, ஜலதோஷ மாத்திரைன்னு அவங்கவங்க கொண்டுபோனாங்க. இவ பீரோவைத் திறந்து, பட்டனோட துணிகளுக்கு நடுவுல இருந்த மாத்திரை அட்டையை எடுத்தா. அதுல கடைசியா கொஞ்சம் மாத்திரை மிச்சம் இருந்துச்சு.

"எடுத்துட்டுப் போகட்டுமா?"

"எதுக்கு?"

"என்ன இருக்குன்னு பார்க்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. "பார்த்து? ஏதாவது இருந்துச்சுன்னா புள்ளை எழுந்து வந்துடுவாளா? அவ சாப்பிட்டதுல மிச்சம்னு இருக்கிறது அது ஒண்ணுதான், அதையும் ஆசிட்ல கரைக்கணுமா உனக்கு?"ன்னு கத்தினேன். "தெரிஞ்சுக்காம என்னால இருக்க முடியலைங்க. தினமும் அவ அதைத் தின்னறதைப் பார்த்துக்கிட்டு நின்னவ நான்"னு மட்டும் சொன்னா. எடுத்துட்டுப் போன்னுட்டேன்.

மறுவாரம் ஒரு சாயங்காலம் வந்து, எங்க ரெண்டு பேரையும் உட்கார வெச்சா. "மாத்திரை சுத்தம். ஒரு குறையும் இல்ல. நாம புள்ளைக்குக் கொடுத்தது நல்ல மருந்து"ன்னா.

அப்பா வாய்விட்டு அழுதுட்டார். அவர் அழுது அதுக்குமுன்னாடி நான் பார்த்ததே இல்ல, அடக்கம் பண்ணின அன்னிக்குக்கூட. "என் கையால கொடுத்தேனேம்மா, அதுல ஏதாவது கோளாறோன்னு இத்தனை நாளா என் மனசு கிடந்து அடிச்சுக்கிட்டது யாருக்குத் தெரியும்?"னு அவ கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டார். அவளும் அழுதா. நான் அழலை. மாத்திரை இல்லைன்னா மிச்சம் யாரு? என் கடைதானே, என் கைதானேன்னு எழுந்துபோய் மறுபடியும் கையைக் கழுவினேன்.

அடுத்த நாள் உரலைக் காணோம்.

அப்பா அலமாரி, பரண், கட்டிலுக்கடின்னு வீட்டையே புரட்டிப் போட்டுட்டார். கடைசியில அவளே வந்து, "நான்தான் மாமா, பழைய இரும்புக்காரருக்குப் போட்டதோட சேர்ந்து அதுவும் போயிடுச்சு, கவனிக்கலை"ன்னா. அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க. "என் பேத்தி ஓடி வந்த சத்தம்மா அது. அதைப்போய் எடைக்குப் போட்டுட்டியே." அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவகிட்ட பேச்சே கிடையாது. அவ தட்டு வெச்சாச் சாப்பிடுவார், தண்ணி வெச்சாக் குடிப்பார், வாயைத் திறக்க மாட்டார்.

நானும் சும்மா இருக்கலை. "உனக்கு அந்தச் சத்தம் பிடிக்கலைன்னா காதைப் பொத்திக்கோ. கிழவனுக்கு இருந்தது அது ஒண்ணுதானே, மனசாட்சி இல்லையா உனக்கு?"ன்னு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவ கேட்டுக்கிட்டே துணி மடிச்சா. அப்பாவோ தினமும் வெயில்ல தெருத்தெருவா அலைஞ்சு, ஒவ்வொரு பழைய இரும்புக் கடையா ஏறி இறங்கி, குட்டிப் பித்தளை உரல் ஒண்ணு வந்துச்சான்னு விசாரிக்க ஆரம்பிச்சார். காலெல்லாம் வீங்கிப்போச்சு. சொன்னாக் கேட்கிற ஆளா அவர்?

அந்தச் சமயத்துலதான் என் பொண்டாட்டி கம்பெனியில குடும்ப நாள் வந்துச்சு. அன்னிக்கு மட்டும் வீட்டு ஆளுங்களை உள்ள விடுவாங்க. அப்பா வரமாட்டேன்னுட்டார். நான் மட்டும் போனேன். தலையில தொப்பி, காலுக்கு உறை, ஏதோ ஆபரேஷன் பண்ணப் போறவன் மாதிரி என்னை ஜோடிச்சு உள்ள விட்டாங்க. லேப் தலைவி நல்லாச் சிரிச்சுப் பேசுற அம்மா. ஒவ்வொண்ணா காட்டிக்கிட்டே வந்தாங்க. ஒரு மேஜையில கண்ணாடியாட்டம் வழவழன்னு ஒரு கல் உரல் இருந்துச்சு. இதுலதான் மாத்திரையைப் பொடிப்போம்னாங்க.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "இதுக்கா இவ்வளவு பந்தா? எங்க வீட்டுல ஒரு பித்தளை உரல் இருந்துச்சு மேடம், எங்கப்பா இடிச்சா மாவு மாதிரி வரும். அதைக் கொண்டுவந்து கொடுத்திருப்பேனே"ன்னேன்.

அந்த அம்மா கலகலன்னு சிரிச்சாங்க. "ஐயையோ, பித்தளையா! அப்புறம் மாத்திரையில என்ன இருக்குன்னா பார்ப்போம்? உரல்ல என்ன இருக்குன்னுதான் பார்ப்போம். எவ்வளவுக்கெவ்வளவு நைசா இடிக்கிறோமோ, அவ்வளவுக்கவ்வளவு உரல் தேய்ஞ்சு அதுக்குள்ள கலக்கும். பழைய பித்தளைன்னா ஈயம் வேற இருக்கும் சார். உலோக உரலைத் தொடாதேன்னு முதல் நாளே சொல்லிடுவோம். இப்பெல்லாம் புதுசா வர்றவங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறதே உங்க வீட்டம்மாதானே!"

நான் திரும்பி என் பொண்டாட்டியைப் பார்த்தேன். அவ ஏற்கனவே பளபளன்னு இருந்த மேஜையைத் துடைச்சுக்கிட்டு இருந்தா.

வெளிய வந்து பஸ் ஸ்டாப்ல உட்கார்ந்தோம். ரெண்டு பஸ் வந்தது, போனது. ஏறலை.

"முதல் நாளேவா?"ன்னேன்.

"முதல் நாளே."

"இத்தனை வருஷமா இதை உள்ள வெச்சுக்கிட்டா இருந்தே?"

"சந்தேகம்தானேங்க. சந்தேகத்தை வெச்சுக்கிட்டு ஒரு மனுஷன்கிட்ட என்னத்தைச் சொல்றது?" அவ கைப்பையைத் திறந்து திறந்து மூடினா. "மாத்திரையை ரெண்டு விதமா கொண்டுபோனேன். ஒண்ணை லேப் உரல்ல பொடிச்சேன். இன்னொண்ணை வீட்டுலயே, நீங்களும் மாமாவும் இல்லாதப்போ, அந்த உரல்ல, அவர் இடிக்கிற மாதிரியே இடிச்சேன். விரலால தொட்டுப் பார்த்து, மறுபடியும் இடிச்சு."

"என்ன வந்துச்சு?"

"லேப் உரல்ல இடிச்சது சுத்தம். வெறும்பாட்டிலும் சுத்தம். நம்ம உரல்ல இடிச்சதுல செம்பு, துத்தநாகம், ஈயம். மூணும் ஒண்ணா சேர்ந்து வந்துச்சு. அப்படி வந்தா அது பித்தளைதாங்க. மிஷின் மேல பழியைப் போடலாம்னு திரும்பத் திரும்ப ஓட்டினேன். மாறவே இல்ல."

"எவ்வளவு ஈயம்?"

"ஒரு குழந்தைக்குக் கூடாத அளவு."

"அப்ப அதனாலதானா..."

"தெரியலை. சத்தியமா தெரியலைங்க. உரல் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே அவளுக்கு வலிப்பு இருந்துச்சு. அதனாலதான்னு சொல்ல முடியாது. அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது. மாமாவுக்குச் சுகர்னு சொல்லிப் பார்த்த மாதிரி, அவளுக்கும் அப்பவே ரத்தத்துல ஈயம் இருக்கான்னு பார்த்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். யாருக்கும் தோணலை."

நான் என் ரெண்டு கையையும் பார்த்துக்கிட்டே கேட்டேன். "என் கடை? என் சால்டர்?"

அவ சட்டுன்னு என் பக்கம் திரும்பினா. நான் இவ்வளவு நாளா எதைத் தூக்கிச் சுமந்துக்கிட்டு இருந்தேன்னு அவளுக்கு அப்பதான் புரிஞ்சுது. "உங்க சால்டர் தூசி அதுல ஒட்டியிருந்தா ஈயத்தோட வெள்ளீயமும் வந்திருக்கணும். வரலை. அந்தப் பொடியில நீங்க இல்ல"ன்னா.

எனக்கு ஒரு மூச்சு வந்துச்சு பாருங்க. நெஞ்சு பூரா நிறைஞ்சு, லேசாகி, அப்பாடான்னு. அந்த மூச்சு முடியறதுக்குள்ளயே எனக்கு வெட்கமாப் போயிடுச்சு. நான் இல்லைன்னா அது யாரு? துருப்பிடிக்கும்னு இரும்பை வேணாம்னு சொல்லி, கடை கடையா தேடிப் பித்தளையை வாங்கி, ஒரு குருணைகூட இல்லாம இடிச்ச என் அப்பா. கொஞ்சம் சோம்பேறியா இருந்திருந்தா அதுல ஈயம் கம்மியா இருந்திருக்கும். அந்த மூச்சு விட்டதுக்காக என்னை நான் மன்னிக்கவே மாட்டேன்.

"உரல் எங்கே?"

"இங்கதான், கம்பெனி அபாயக் கழிவு டிரம்ல போட்டேன். மூடி சீல் வைக்கிற வரைக்கும் நின்னு பார்த்துட்டுத்தான் வந்தேன். மாமாகிட்ட வேணாங்க. அவர் என்னைத் திட்டட்டும், பேசாம இருக்கட்டும். உரலைத் தொலைச்சவன்னு நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும். மத்ததை அவரால தாங்க முடியாது."

இவளைத்தான் மனசாட்சி இல்லாதவன்னு நான் திட்டியிருக்கேன்.

வீட்டுக்கு வந்தா, அப்பா வீங்கின காலை ஸ்டூல்மேல நீட்டி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். அவ பக்கம் பார்க்காம என்கிட்ட சொன்னார்: "ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு கடை இருக்காம். நாளைக்குப் போறேன். எந்தக் கடைக்காரன்னு உன் பொண்டாட்டிக்கு இப்பவாவது ஞாபகம் வருதான்னு கேளு."

அவ உள்ள போகத் திரும்பினா. நான் அவ கையைப் பிடிச்சு நிறுத்தினேன்.

"அப்பா, அவ இல்ல. உரலைப் போட்டது நான்."

"நீயா?"

"நான்தான். ஆத்துல போட்டுட்டேன். இனிமே தேடாதீங்க. அந்தச் சத்தம் எனக்குத் தாங்கலைப்பா. கேட்கும்போதெல்லாம் அவ ஓடி வர்ற மாதிரியே இருந்துச்சு. அவ எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டா."

அப்பா ஸ்டூல்லேர்ந்து காலைக் கீழ இறக்கினார். அடிப்பாரோன்னு நினைச்சேன், அடிச்சிருந்தாப் பரவாயில்லை. மெதுவா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார். அப்புறம், "அம்மாடி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடும்மா"ன்னார் அவகிட்ட. கொண்டுவந்து கொடுத்தா. குடிச்சுட்டு அவ தலையில கையை வெச்சார். "இவனுக்காக என்கிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டியா? என்னை மன்னிச்சுடும்மா"ன்னார். அவ காலி டம்ளரை வாங்கிக்கிட்டு உள்ள போனா.

அன்னிலேர்ந்து என்கூட அவர் பேசறதில்லை. "அவனைச் சாப்பிட வரச் சொல்லு", "அவன் கடைக்கதவைச் சரியாச் சாத்தினானா கேளு", இப்படி எல்லாம் அவ வழியாத்தான். போகட்டும். கடை கடையா அலையறதை விட்டுட்டார், கால் வீக்கம் வடிஞ்சிடுச்சு, எனக்கு அது போதும்.

ஆனா சத்தம் போகலை. காலையில அந்த நேரம் வந்தா, அப்பா ஸ்பூனை எடுத்து டம்ளர்ல தட்டறார். அதே தாளம். டிங், டிங், டிங். நடுவுல ஒரு நிறுத்தம், விரலால தொட்டுப் பார்க்கிற நேரத்துக்கு. அப்புறம் மறுபடியும். கண்ணு கதவுப் பக்கம்.

நேத்து அவ அடுப்பை அணைச்சுட்டு என் பக்கத்துல வந்து நின்னா. "எவர்சில்வர்தானே?"ன்னு நான் மெதுவாக் கேட்டேன்.

"எவர்சில்வர்தான். தட்டட்டும், ஒண்ணும் வராது"ன்னா.

சத்தம் நிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கயே நின்னோம்.